ஆறாம் கட்டிலில் யார்?

செண்பகவல்லிக்கு நாற்பத்திரண்டு வயது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு நர்ஸ் படிப்பை முடித்து வந்தவள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்த வார்டு சிஸ்டர் தபீத்தாளுக்கு முப்பத்துநான்குதான். அதனால் குரு சிஷ்யையை "அக்கா" என்றாள். சிஷ்யை குருவை "சிஸ்டர்" என்றாள்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஆறாம் கட்டில் பிச்சையாவுக்குப் பென்சிலின் ஊசி. காலையிலேயே அவருக்குச் சோதனை ஊசி போட்டு, ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியும் ஆயிற்று. செண்பகவல்லி மருந்துத் தட்டோடு போனாள்.

"பிச்சையாதானே?"

"ஆமா தாயி."

கையில் பொருத்தியிருந்த குழாய் வழியாக மெதுவாக மருந்தை ஏற்றினாள். பாதிகூடப் போகவில்லை, பெரியவர் கழுத்தைச் சொறிந்தார். உதடு தடித்தது. மூச்சு விசிலடித்தது.

"சிஸ்டர்!"

தபீத்தாள் ஓடி வந்தாள். "மருந்தை நிறுத்துங்க. டாக்டரைக் கூப்பிடுங்க." சொல்லும்போதே பெரியவரின் தொடையில் அட்ரினலின் ஊசி இறங்கிவிட்டது. கால்களை உயர்த்தி வைத்தாள். ஆக்சிஜன் மாட்டினாள். டாக்டரும் வந்து சேர்ந்தார்.

இருபது நிமிடம் கழித்து மூச்சு சீரானது.

"பெரியவரே, உங்க பேர் என்ன?" என்றாள் தபீத்தாள்.

"ஆறுமுகப்பாண்டி."

எட்டாம் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "பிச்சையா நானும்மா. அவருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. ஃபேனுக்குக் கீழே படுக்கட்டுமேன்னு இடத்தை மாத்திக்கிட்டோம்."

"பின்னே ஏன் ஆமான்னீங்க?" செண்பகவல்லி ஆறுமுகப்பாண்டி பக்கம் திரும்பினாள்.

"ஊசி போட வந்த பிள்ளைகிட்ட இல்லேன்னு சொல்லலாமா தாயி?"

வார்டே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஆறுமுகப்பாண்டியின் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: பென்சிலின் ஆகாது.

"இனிமே என் கையாலே மருந்து வேண்டாம் சிஸ்டர். படுக்கை விரிக்கிறேன், காய்ச்சல் பார்க்கிறேன். அது போதும் எனக்கு."

தபீத்தாள் ஓர் அறிக்கைத் தாளை நீட்டினாள். செண்பகவல்லி எழுதிக் கொடுத்தாள்: 'என் கவனக்குறைவுதான் காரணம்.'

"இது உங்களைப் பத்தி. நடந்ததை எழுதுங்க."

மறுபடி எழுதினாள். கட்டில் மாறியது, கட்டில் எண்ணை மட்டும் பார்த்தது, பேரைத் தானே எடுத்துக் கொடுத்தது, அவர் ஆமாம் என்றது.

"சரி. இப்ப அவர் பக்கத்திலே உட்காருங்க. கால் மணிக்கு ஒருதரம் நாடி, ரத்த அழுத்தம் பாருங்க. அடங்கினது திரும்பியும் வரலாம்."

திரும்பி வரவில்லை. மாலையில் பெரியவர், "தாயி, காப்பித் தண்ணி கிடைக்குமா?" என்றார். செண்பகவல்லி அப்போதுதான் அழுதாள்.

தபீத்தாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தாள்.

"எனக்கு இன்னைக்குக் காமாலைத் தடுப்பூசி. மருந்தும் அட்டையும் மேசையிலே இருக்கு. போடுங்க."

"நானா?"

"நீங்கதான்."

செண்பகவல்லி அட்டையைப் படித்தாள். புட்டியைப் படித்தாள். தேதி பார்த்தாள். மருந்தை ஏற்றிய ஊசியோடு நாற்காலிக்கு முன் வந்து நின்றாள்.

"உங்க பேர் என்ன?"

"சரியாப் போச்சு!" என்றார் பிச்சையா. "பயத்திலே சிஸ்டர் பேரே மறந்துபோச்சு!"

தபீத்தாள் சிரிக்கவில்லை. "தபீத்தாள்."

செண்பகவல்லி அட்டையில் ஒருமுறை ஒத்துப் பார்த்தாள். "எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காமப் போயிருக்கா?"

"இல்லை."

போட்டு முடித்துப் பஞ்சால் அழுத்தினாள். அட்டையில் தேதி எழுதினாள்.

"தெரிஞ்ச பேரையே கேட்டுட்டேன். கோவிச்சுக்காதீங்க சிஸ்டர்."

தபீத்தாள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"கேட்கலேன்னா எழுந்து போயிருப்பேன் அக்கா. ஆறு மணி மருந்துக்கு நேரமாச்சு, தட்டை எடுங்க."