உத்தரவு கேட்டு வந்தவர்

பஸ் நின்று திரும்பும் இடத்திலிருந்து மலையடிவாரத்து வைத்தியசாலைக்கு அரை மைல் நடக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல்முறை வந்தபோது, அழகம்பெருமாள் அந்த அரை மைலை ஓட்டமும் நடையுமாகக் கடந்தார். இந்த முறை வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். வயது ஐம்பதுதான்.

வைத்தியசாலையை நடத்தும் செண்பகவல்லி அம்மாள் அவருடைய குரு. அவரைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். தகப்பனார் போனபிறகு முப்பது வயதிலேயே அந்த இடத்தை ஏற்று நடத்தத் தொடங்கியவர். அவரிடம் எட்டு வருஷம் படித்துவிட்டு டவுனுக்குப் போய் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார் அழகம்பெருமாள். பதினாலு வருஷத்தில் ஒருநாள்கூட வைத்தியர் கதவைச் சாத்தியதில்லை என்று டவுனில் பெருமையாகச் சொல்வார்கள்.

அம்மாள் முற்றத்தில் ஆடாதொடை இலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா அழகம். சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா."

"என்ன சாப்பிட்ட?"

யோசித்துப் பார்த்தார். பஸ் ஏறும் முன்னால் ஏதோ சாப்பிட்டது நிஜம். என்னவென்று நினைவு வரவில்லை.

அம்மாள் இலையை விட்டு நிமிர்ந்தார். "உக்காரு. என்ன சங்கதி?"

"உத்தரவு வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். வடக்கே ஒரு மடத்துல சேரலாம்னு இருக்கேன்."

அந்த வைத்தியசாலையில் படித்தவர்கள் குருவின் உத்தரவு இல்லாமல் துறவு கொள்வதில்லை. அது அம்மாளின் பாட்டனார் காலத்து வழக்கம்.

"ஏன், வைத்தியம் போதும்னு ஆயிட்டா?"

"வைத்தியம் நல்லாத்தான் நடக்கு. எனக்குத்தான் பற்று விட்டுப்போச்சு. சுகமும் தெரியல, துக்கமும் தெரியல." அவர் குரலில் லேசாக ஒரு பெருமை இருந்தது. "போன மாசம் ஒரு பொம்பளை செத்துப்போனா. சங்கரவடிவுன்னு பேரு. மூணு வருஷமா என்கிட்ட வந்துட்டிருந்தா. நாடி அடங்குறதை நான்தான் பார்த்தேன். கையைக் கழுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மனசு அசையலை."

"அவளுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அழகம்பெருமாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தெரியாதா?"

"கேட்டிருப்பேன். மறந்துட்டு."

"ஒருநாளைக்கு எத்தனை பேரைப் பாக்குதே?"

"எழுபது, எண்பது."

"தூக்கம்?"

"விடியறதுக்கு ரொம்ப முன்னாலயே முழிப்பு வந்துரும். அப்புறம் தூங்க முடியாது."

"முழிச்சதும் மொதல்ல என்ன தோணுது?"

"மறுபடி எப்ப படுக்கலாம்னு தோணும்."

"ஆவுடையம்மாள் என்ன சொல்லுதா?"

ஆவுடையம்மாள் அவருடைய மனைவி. "அவகிட்ட இன்னும் சொல்லலம்மா."

அம்மாள் அவர் மணிக்கட்டை எடுத்து மூன்று விரல் வைத்தார். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை மெதுவாக அவர் மடியிலேயே வைத்தார்.

"உத்தரவைப் பத்தி அப்புறம் பேசலாம். பாயை எடுத்து நோயாளிகள் கூடத்துல போடு."

"நான் சீடனா வந்திருக்கேம்மா. சீடங்க அறையில..."

"நோயாளிகள் கூடத்துல போடு. யார் கையையும் தொடாத. மருந்து இடிக்காத. என்னைக் கேக்காம எந்த வேலையும் செய்யாத."

குரு சோதிக்கிறார் என்று எண்ணிக்கொண்டு அழகம்பெருமாள் பாயோடு கூடத்துக்குப் போனார்.

கூடத்தில் சன்னல் ஓரத்து இடம் காலியாக இருந்தது. படுத்தால் மருந்து இடிக்கும் கொட்டகை தெரியும். அந்தக் கொட்டகையில்தான் அவரும் தாணுவும் எட்டு வருஷம் எதிரெதிரே நின்று உலக்கை போட்டார்கள். தாணுமாலயன் என்பது முழுப்பெயர். அவருடன் படித்தவன். மருந்துப் பெயர்களை மாற்றிச் சொல்வான், நாடி கடைசிவரை அவனுக்குப் பிடிபடவில்லை. உலக்கை போடும்போது சுருதி சேராத குரலில் பாடுவான். நார்த்தங்காய் ஊறுகாய்ச் சாடியைத் திறந்து எல்லோருக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுப்பான். கேட்டால், வாய் கசந்துகொண்டு வைத்தியம் படிக்க முடியுமா என்பான். மழைக்காலத்தில் கொட்டகை முழுக்கச் சுக்கு வாசனையும் ஈர விறகுப் புகையுமாக இருக்கும். அப்போது அழகம்பெருமாளுக்கும் பசி எடுக்கும், சிரிப்பு வரும், நோயாளி ஒருவர் எழுந்து நடந்துபோனால் அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவாது.

இன்னொன்றும் நினைவு வந்தது. ஐந்தாம் வருஷம். ஊரூராகக் காய்ச்சல் பரவி, வைத்தியசாலை வாசல்வரை ஆட்கள் படுத்துக் கிடந்த வருஷம். காய்ச்சல் ஓய்ந்ததும் அம்மாள் உள்ளறைக்குப் போய் நாற்பது நாள் மௌன விரதம் இருந்தார். சீடர்கள் நுனிக்காலில் நடந்தார்கள். ஒருநாள் கதவு சற்றுத் திறந்திருந்தபோது அழகம்பெருமாள் அம்மாளின் முகத்தைப் பார்த்தார். அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. என்றைக்காவது ஒருநாள் தனக்கும் அந்த முகம் வாய்க்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தார்.

அதை நினைத்தபடியே தூங்கிப்போனார். மூன்று நாள் தூங்கினார். கஞ்சிக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் எழுப்புவார்கள். முடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார்.

நாலாம் நாளிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. டவுனில் வாசலில் ஆட்கள் காத்திருப்பதுபோலவே இருந்தது. பக்கத்துப் பாயில் மாசானம் என்ற லாரி டிரைவர் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக் கிடந்தார். அவர் அசந்த நேரம் பார்த்து அவர் மணிக்கட்டில் விரல் வைத்தார் அழகம்பெருமாள். நிமிர்ந்தால் அம்மாள் நிற்கிறார்.

"சும்மா பார்த்தேம்மா."

"சும்மா இருக்கச் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். அழகம்பெருமாள் கையைத் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மாசானம் வாய் ஓயாதவர். எந்த மேட்டில் எந்த வண்டி இழுக்காது, எந்த ஊர் டீ தேறாது என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒன்பதாம் நாள் மத்தியானம் அழகம்பெருமாள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அம்மாள் முன்னால் நின்றார்.

"அந்த ஆள் பக்கத்துல என்னால படுக்க முடியாது. சத்தம் போட்டுட்டேன். கன்னாபின்னான்னு பேசிட்டேன்."

"கோவம் வந்துட்டா?"

"வந்துட்டும்மா. இவ்வளவு நாள் கட்டுப்படுத்தி வச்சிருந்தது எல்லாம் போச்சு."

"நல்லது," என்றார் அம்மாள். "பாயை அங்கேயே போடு."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பிப் போனார். மாசானம் அவரைப் பார்த்து, "வைத்தியரே, என் பெண்டாட்டியும் அச்சு அசல் இப்படித்தான் ஏசுவா. கேட்டு நாலு மாசமாச்சு. மனசு நெறஞ்சுபோச்சு," என்றார். அழகம்பெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சத்தம் அவருக்கே யாரோ சிரித்ததுபோல் கேட்டது.

இரண்டு நாள் கழித்து, குளத்தில் குளித்துக்கொண்டிருந்தபோது, சங்கரவடிவுக்கு இரண்டு பெண்கள் என்பது திடீரென்று நினைவு வந்தது. சின்னவளுக்குக் கல்யாணம் பேசி முடித்ததை அவள் வந்து சொன்னாள். அதற்குள் உடம்பு தேறிவிடுமா வைத்தியரே என்று கேட்டாள். அடுத்த ஆள் நின்றுகொண்டிருந்ததால், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். ஈர வேட்டியோடு படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு கனத்தது. அந்தக் கனம் அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாள் கொட்டகை வாசலில் தனியாக இருந்தார். அழகம்பெருமாள் போய் எதிரே உட்கார்ந்தார்.

"இங்க வந்து எனக்கு எல்லாம் கெட்டுப்போச்சும்மா. கோவம் வருது, வருத்தம் வருது. காய்ச்சல் வருஷம் நீங்க நாற்பது நாள் விரதம் இருந்தீங்களே, அப்ப உங்க முகத்தைப் பார்த்தேன். அந்த நிலை எனக்கும் வந்துட்டுன்னுதான் உத்தரவு கேட்டு வந்தேன்."

"விரதம்னு உனக்கு யார் சொன்னா?"

"தாணு சொன்னான்."

"அவன்தான் சொன்னான். நான் சொல்லலை."

அழகம்பெருமாள் அம்மாளைப் பார்த்தார்.

"காய்ச்சல் ஓஞ்சு நாலஞ்சு நாள் இருக்கும்," என்றார் அம்மாள். "ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் கையில குடுத்தாங்க. அது அழுதுட்டு இருந்தது. எனக்குச் சத்தம் கேக்குது. ஆனா குழந்தை அழுவுதுன்னு தோணலை. கதவு கிறீச்சிட்டா கேக்குமே, அந்த மாதிரி. அப்படியே நின்னேன். தாணு வந்து குழந்தையை வாங்கிட்டான். என்னைக் கூட்டிட்டுப் போய் உள்ளறையில படுக்க வச்சான். வெளிய போய், அம்மா இன்னையிலயிருந்து மௌன விரதம், யாரும் உள்ள போகக்கூடாதுன்னு சொல்லிட்டான். நாற்பது நாளும் கஞ்சி அவன்தான் கொண்டுவந்தான். நான் பேசுற வரைக்கும் அவனும் எதுவும் கேக்கலை."

"அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? நாடிகூட அவனுக்குப் பிடிபடாதே."

"நாடியைப் பாக்கலை. என்னைப் பார்த்தான்."

கொட்டகைக்குள் யாரோ மருந்து இடிக்கத் தொடங்கினார்கள். சத்தம் சீராக வந்தது. பாட்டு இல்லை.

"அப்ப நான் என்னம்மா செஞ்சேன்?"

"நீ நாற்பது நாளும் எனக்கும் சேர்த்து நோயாளியைப் பார்த்தே. ஒருத்தரைக்கூடத் திருப்பி அனுப்பலை. நான் எழுந்து வந்ததும் எல்லார் முன்னாலயும் உன்னைப் புகழ்ந்தேன். அன்னைக்கே உன்னையும் படுக்க வச்சிருக்கணும். அது என் தப்பு."

அழகம்பெருமாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேறொன்று வந்தது.

"தாணு செத்ததுக்கு நான் வரலை."

"தெரியும்."

"காலையில தகவல் வந்துட்டு. வாசல்ல ஆளுங்க நின்னாங்க. எல்லாரையும் பார்த்து முடிச்சுட்டுப் போலாம்னு நெனச்சேன். முடியவே இல்ல."

"தெரியும்."

ஏழு வருஷத்துக்கு முன்னால் வர வேண்டிய அழுகை அப்போது வந்தது. ஐம்பது வயது மனிதர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார். அம்மாள் ஆறுதல் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை. மருந்து இடிக்கிறவர்கள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அம்மாள் கையசைத்ததும் மறுபடி இடித்தார்கள்.

மறுநாள் அவர் ஆவுடையம்மாளுக்கு ஒரு கார்டு போட்டார். 'உடம்பு சரியில்லை. அம்மாளிடம் இருக்கிறேன். தேறியதும் வருகிறேன்.' உடம்பு சரியில்லை என்று அவர் எழுதுவது அதுதான் முதல்தடவை. ஐந்தாம் நாள் பதில் வந்தது. 'எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். அவசரப்பட வேண்டாம். தேறி வாருங்கள்.'

அந்தக் கார்டை அவர் பலமுறை படித்தார். அவள் எழுத்து சற்று வலப்பக்கம் சாய்ந்திருக்கும் என்பதையே மறந்திருந்தார். கல்யாணமான புதிதில், இங்கே படித்துக்கொண்டிருந்தபோது, வாரம் ஒரு கார்டு வரும். தாணு அதைத் தபால்காரரிடமிருந்து முதலில் வாங்கி ஒளித்துவைத்துக்கொண்டு அலைய விடுவான்.

இன்னும் ஒரு மாதம் இருந்தார். முதலில் முற்றத்து இலைகளைத் திருப்பிப்போட விட்டார்கள். பிறகு மருந்து இடிக்க. மாசானம் கட்டுப் பிரித்து ஊருக்குப் போனபோது பஸ் வரைக்கும் கூடவே நடந்து போய் ஏற்றிவிட்டு வந்தார். வழியில் எங்கும் உட்காரவில்லை. கடைசி வாரம் அம்மாள் தினம் நாலு நோயாளிகளை மட்டும் அவரிடம் அனுப்பினார். ஒவ்வொருவரோடும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்றார். அப்படி ஒரு வயோதிகருடன் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மாள் கூப்பிட்டார்.

"டவுனுக்குப் போனா ஒருநாளைக்கு இருபத்தஞ்சு பேர். அதுக்கு மேல பாக்காத. வாரத்துல ஒருநாள் கதவைச் சாத்து."

"சாத்துற அன்னைக்கு வர்றவங்க?"

"மறுநாள் வருவாங்க."

"மறுநாள் வரைக்கும் தாங்காதவங்க வந்தா?"

"டவுன்ல வேற வைத்தியரே இல்லையா?"

"நாலஞ்சு பேர் இருக்காங்க."

"பிறகென்ன?"

அழகம்பெருமாள் தலை குனிந்தார். பதினாலு வருஷத்தில் அந்த நாலஞ்சு பேரில் ஒருவரிடமும் அவர் ஒரு நோயாளியை அனுப்பியதில்லை.

"எப்பவாச்சும் மறுபடி சுகமும் தெரியல, துக்கமும் தெரியலன்னு ஆச்சுன்னா?"

"ஒரு வருஷம் கழிச்சு வராத. அந்த வாரமே வா. ஆவுடையம்மாள் சொன்னா உடனே வா. உனக்கு முன்னால அவளுக்குத் தெரியும்."

மறுநாள் காலையில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். கிளம்பாமல் நின்றார்.

"என்ன அழகம்?"

"அம்மா, நான் வந்தது துறவுக்கு உத்தரவு கேட்டு. நீங்க சரின்னும் சொல்லலை, இல்லன்னும் சொல்லலை."

"விடுறதுக்குக் கையில ஏதாவது இருக்கணும். வந்த அன்னைக்கு உன்கிட்ட ஒண்ணுமே இல்ல," என்றார் அம்மாள். "இப்ப இருக்கு. இப்ப கேளு, தாரேன்."

அழகம்பெருமாள் பையைச் சரியாக மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். உத்தரவு கேட்கவில்லை.