பேரத்துக்கு மசியாத ஜாக்

"இங்க யாரோ ஒருத்தருக்கு என் கைமேல நம்பிக்கை இல்லீங்க" என்றார் அர்த்தனாரி.

சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அந்த விமானக் கொட்டகையில் இருந்ததே இரண்டு பேர்.

அர்த்தனாரி சங்ககிரியில் முப்பது வருஷம் ஜாக் போட்டு லாரி தூக்கிய மெக்கானிக். அடிபட்டு அடிபட்டுத் தொழில் படித்தவர். ஐம்பதுக்கு மேல் விமானப் பழுது வேலை பழக வந்திருந்தார். பழக்கிவிடுபவர் தூத்துக்குடி ஃபெலிசிட்டா, வயதில் அர்த்தனாரியின் மூத்த மகளுக்குச் சமம். இன்று ஃபெலிசிட்டா கையெழுத்துப் போட்டால், நாளை முதல் அர்த்தனாரி தனியாகவே விமானம் தூக்கலாம்.

நாலு பேர் உட்காரும் குட்டி விமானம். சக்கரம் கழற்ற வேண்டும். காற்று புகாமல் கதவைச் சாத்தியாயிற்று. வாலை எடைக்கல்லோடு கட்டியாயிற்று. இரண்டு இறக்கைக்கும் அடியில் ஆளுக்கொரு ஜாக்.

ஃபெலிசிட்டா ஒரு அங்குலம் ஏற்றுவார். நிறுத்துவார். ஜாக்கின் தண்டில் இருக்கும் மரை வளையத்தைத் திருகி, உருளையின் வாயில் முட்டும்வரை இறக்குவார். மறுபடி ஒரு அங்குலம்.

"ஏனுங்க மேடம், தண்டைத் தாங்கத்தான் உள்ள எண்ணெய் இருக்குதுங்களே. வளையம் எதுக்குங்க?"

"திருகுங்க அண்ணாச்சி."

"மேல போய் மொத்தமா ஒரே திருகு திருகிக்கறனுங்க."

"ஒவ்வொரு அங்குலத்துக்கும்."

"மூணு அங்குலத்துக்கு ஒருக்கா?"

"ஒவ்வொரு அங்குலத்துக்கும்."

"செரி. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ரெண்டு."

"என்கிட்ட எதுக்குப் பேரம்? ஜாக்குகிட்டப் பேசிப் பாருங்க."

ஜாக் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காதவன் ஒத்துக்கொண்டான் என்பது சந்தை வழக்கம். அர்த்தனாரி வளையத்தைத் தொடாமலே ஏற்றினார். ஃபெலிசிட்டாவுக்கு ஒரு நூல்கூடப் பிந்தவில்லை.

சக்கரங்கள் தரையை விட்டன.

"பாத்தீங்களா" என்றார் அர்த்தனாரி. ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறக்கைக்குக் கீழே குனிந்தார்.

"வெளிய வாங்க அண்ணாச்சி."

வந்தார்.

ஃபெலிசிட்டா தன் பக்கத்து ஜாக்கில் எண்ணெயின் அழுத்தத்தை விடும் திருகைத் திறந்துவிட்டார்.

உஸ்ஸென்றது. இறக்கை மயிரிழை அசைந்தது. நின்றது. முழுப் பாரமும் வளையத்தின்மேல் உட்கார்ந்திருந்தது.

திருகை மூடினார். சுற்றிக்கொண்டு அர்த்தனாரியின் ஜாக்குக்கு வந்தார். அதன் திருகில் இரண்டு விரலை வைத்தார்.

"இதையும் திறக்கவா?"

அர்த்தனாரி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எண்ணெய் தாங்கும்னீங்களே."

அவர் ஜாக்கைப் பார்த்தார். வளையம் தண்டின் உச்சியில் சும்மா தொங்கியது. பிறகு, ஒரு நிமிஷத்துக்கு முன் தன் தலை இருந்த இடத்தைப் பார்த்தார்.

"கையை எடுங்க மேடம்."

எடுத்தார். பையிலிருந்து பேனாவையும் கையெழுத்துப் போட வேண்டிய தாளையும் வெளியே எடுத்தார்.

அர்த்தனாரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அதை உள்ள வைங்க. எந்த மடையன் இந்த வளையத்தை மேலயே விட்டுட்டுப் போனானோ, அவனை முதல்ல வந்து இறக்கச் சொல்லுங்க. கையெழுத்தெல்லாம் அப்புறம்."