முதுகுப்பக்க நாடா

டாக்டர், நர்ஸ், மருந்தாளர் படிப்பு மாணவர்கள் ஒன்றாகச் சேர்ந்து சிகிச்சையை மேம்படுத்தக் கற்கும் வகுப்பு, அன்று ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே வந்துவிட்டது. பெரிய சர்ஜன் அம்பலவாணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கூட்டு உழைப்பாம்! இங்க என்னால தனியா செய்ய முடியாத ஒரு வேலையைக் காட்டுங்க பார்ப்போம். காட்டலேன்னா இந்த வகுப்புக்கு இன்னையோட முழுக்கு!"

கை கழுவி, அங்கியும் கையுறையும் மாட்டி நின்றவரின் முதுகுப்பக்க நாடாவைக் கட்டப்போன நர்சிங் மாணவி மரியசெல்வி, அதை விட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.

"நாடா பின்னால தொங்குது சார். நீங்களே கட்டிக்கிடுங்க."

அவர் கை பின்னால் போய்ப் பாதியில் நின்றது. முதுகைத் தொட்டால் சுத்தமான கையுறையில் கிருமி ஒட்டும். மறுபடி கழுவி வந்தாலும் நாடா அங்கேதான் தொங்கும். எத்தனையோ உயிர்களை மீட்ட கைகள் அந்தரத்தில் நின்றன.

சர்ஜன் மெல்லத் திரும்பி நின்றார்.

"கட்டும்மா. நாளைக்கு வகுப்பு எத்தனை மணிக்கு?"