ஸ்கோப்பைக் கடித்தது யார்?

திருச்சியில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம், நமக்கும் நாளைக்கு வயிற்று வலி வரலாம்.

அங்கே எண்டோஸ்கோப்பி அறைக்குப் பொறுப்பாளர் இருதயராஜ். ஐம்பதைத் தாண்டியவர். நோயாளியின் வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற நீளமான கறுப்புக் குழாய், நுனியில் கேமரா வைத்தது, அதுதான் ஸ்கோப். அதை அவர் பெற்ற பிள்ளையைப்போல் பார்த்துக்கொண்டார். மனிதர்களை அப்படிப் பார்க்கவில்லை. பஞ்சு குறைந்தால் ஆயாவை முறைப்பார். கரண்ட் போனால் எலக்ட்ரீஷியனை முறைப்பார். மழை பெய்தால் யாரை முறைப்பார் என்று நர்சுகள் பேசிச் சிரிப்பார்கள்.

அவருக்கு ஒரு குரு உண்டு. பெயர் நசீமா. ஸ்கோப்புகளைப் பழுது பார்ப்பவர், அவற்றைக் கையாளும் விதத்தை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ச் சொல்லிக்கொடுப்பவர். சீடரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் இவரை டீச்சர் என்பார், இவர் அவரை அண்ணே என்பார்.

ஒருநாள் காலையில் சீடர் போன் செய்தார்.

"டீச்சர், மறுபடியும் ஓட்டை. உள்ள தண்ணி போயி படம் மங்குது."

"அதோட யாருக்கும் விட்டீங்களா?"

"இல்ல. நேத்தே நிறுத்திட்டேன்."

"நல்லது. ஒருத்தர் வயித்துல இருக்கறது ஓட்டைக்குள்ள தங்கி அடுத்தவருக்குப் போயிரும். வர்றேன்."

"அடைக்க மட்டும் வராதீங்க டீச்சர். யாரு பண்ணுனதுன்னு சொல்லணும். மத்தியானத்துக்குள்ள பெரிய டாக்டர் பேரு கேட்டிருக்காரு. பேரைக் குடுத்தா அந்த ஆளு இன்னைக்கே வீட்டுக்கு."

"உங்க மனசுல யாரு?"

"கழுவுற தனபாக்கியம். வேற யாரு?"

நசீமா வந்தபோது தனபாக்கியம் கழுவும் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் துணிப்பை. அலமாரியில் வைத்திருந்த தன் சாமான்களை ஏற்கெனவே எடுத்து அதில் போட்டுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. போகச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"இப்பவே பையக் கட்டிருச்சு பாருங்க" என்று இருதயராஜ் டீச்சரின் காதில் சொன்னார். "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்."

சொல்லிவிட்டு டீச்சரின் கருவிப் பையையும் ஒரு பார்வை பார்த்தார். பழுதானால்தானே பழுது பார்க்கிறவருக்குப் பிழைப்பு?

நசீமா பையை அகலத் திறந்து மேஜைமேல் வைத்தார். "பாத்துக்கங்க அண்ணே."

அவர் வெட்கப்படாமல் பார்த்தார்.

நசீமா ஸ்கோப்பில் சிறிய பம்பை மாட்டிக் காற்றடித்தார். தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதை முழுக்கினார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை.

"இல்லையே!" என்றார் இருதயராஜ். "ராத்திரியோட ராத்திரியா அடைச்சிருப்பாங்களோ?"

நசீமா பிடியில் இருந்த திருகைத் திருப்பினார். தண்ணீருக்குள் குழாயின் நுனி கொக்கியாக வளைந்தது. வளைந்த முதுகிலிருந்து கடுகு கடுகாகக் குமிழிகள் கிளம்பின.

"நேரா கெடந்தா மூடிக்கும். வளைச்சாத்தான் வாயத் தெறக்கும்."

தண்ணீரிலிருந்து எடுத்து, காற்றை இறக்கி, துடைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"பல்லுத் தடமா?" என்றார் சீடர்.

"இல்ல. பல்லு இவ்வளவு நேரா கடிக்காது."

"அப்ப பிளேடு! நான் நெனச்சேன்."

"பிளேடு அறுக்கும். இது நசுங்கியிருக்கு, ரெண்டு பக்கமும்."

"கட்டிங் பிளேயர்." அவர் குரல் தாழ்ந்தது. வாசல் பக்கம் திரும்பினார். "தனபாக்கியம், அந்தப் பையக் கொட்டு."

தனபாக்கியம் தரையில் உட்கார்ந்து பையைக் கொட்டினார். டிபன் பாக்ஸ், வீட்டுச் சாவி, ஒரு சீப்பு, பொட்டலத்தில் வெற்றிலை. அவ்வளவுதான். சீப்பை மட்டும் அவசரமாக எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். பல் போன சீப்பு. எனக்கு இந்த இடத்தில் இருதயராஜ் மேல் கோபம் வருகிறது. ஆனால் கதையை முடித்தாக வேண்டும்.

நசீமா குனிந்து சாமான்களை எடுத்துக் கொடுத்தார். "நீங்க உள்ள வந்து ஸ்டூல்ல உக்காருங்கக்கா."

பிறகு சீடரிடம் திரும்பினார்.

"அண்ணே, இது ராத்திரி எங்க இருக்கும்?"

இருதயராஜின் முகம் மலர்ந்தது. "பத்திரமா இருக்கும் டீச்சர். முன்ன மாதிரி அலமாரியில தொங்க விடுறதில்ல. கண்டவங்க கை படும்ல? இப்ப எல்லாம் நானே."

சட்டைக்குள்ளிருந்து கழுத்துச் சங்கிலியை இழுத்தார். மாதா சுரூபத்தோடு ஒரு சிறிய சாவியும் வெளியே வந்தது. மேஜைக்கடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். ஸ்கோப்பை வாங்கியபோது அது வந்து இறங்கிய பெட்டி. உள்ளே ஸ்பாஞ்சு, வெளியே பூட்டு.

"கழுவித் தொடச்சதும் நான் வாங்கி உள்ள வச்சுப் பூட்டிருவேன். காலையில நான்தான் தெறப்பேன். அதுக்கப்புறமும் ஓட்டை விழுது பாருங்க!"

"எப்ப இருந்து?"

"மொதத் தடவை ஓட்டை விழுந்துச்சே, அதுல இருந்து."

"அது பேஷன்ட் கடிச்சது. வாயில வைக்கிற பிளாஸ்டிக் நழுவிருச்சுன்னு அப்பவே சொன்னேனே."

"சொன்னீங்க." இருதயராஜ் தலையைச் சொறிந்தார். "இந்தம்மாவக் காப்பாத்தத்தான் அப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"சரி. தெனமும் எப்படி வைப்பீங்களோ, அப்படி வைங்க."

"இப்பவா?"

"எப்படியும் ஒர்க் ஷாப்புக்குப் போகப்போறதுதானே. வைங்க."

இருதயராஜ் ஸ்கோப்பை இரண்டு கையாலும் ஏந்தினார். பக்குவமாகச் சுருட்டினார். ஸ்பாஞ்சின் பள்ளத்துக்குள் படுக்க வைத்தார். நீளமான குழாய், அடங்கிப் படுக்கவில்லை. உடம்பு உள்ளே போனது, நுனி மட்டும் நிமிர்ந்து விளிம்பில் எட்டிப் பார்த்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் வாசலில் இருந்தது, யாராவது சாவியைப் பார்க்கிறார்களா என்று. மூடி முழுதாக இறங்காததால் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். டக்கென்று பூட்டு விழுந்தது.

"தெறங்க அண்ணே."

திறந்தார்.

நசீமா பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். குழாயின் நுனியை ஒட்டி ஒரு நேர்கோடு இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு நேர்கோடு, இப்போது விழுந்தது. அதே நீளம், அதே நசுங்கல். இருதயராஜ் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கோடுகள் இரண்டாகவே இருந்தன. பெட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

தனபாக்கியம் உள்ளே வந்தும் உட்காராமல் ஸ்டூலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு என்ன நடந்தது என்று புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. இந்த மனிதர் இனி இதற்கும் சேர்த்துத் தன்மேல் கோபப்படுவாரோ என்ற பயம்தான் இருந்தது.

மேஜைமேல் போன் அடித்தது. பெரிய டாக்டரின் அறையிலிருந்து. இருதயராஜ் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"என்ன சொல்றது டீச்சர்?"

"பேருதானே கேட்டாரு. சொல்லுங்க."

"எம் பேரையா?"

"வேற பேரு இருக்கா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வேலை போயிருமே டீச்சர். இந்த வயசுல நான் எங்க போவேன்?"

"போகாது. உங்க பேரைச் சொன்னா, எப்படி ஆச்சு இருதயராஜுன்னு கேப்பாரு. பெட்டியக் காட்டுவீங்க. மூடியக் காட்டுவீங்க. சரி சரி, பழையபடி அலமாரியில தொங்க விடுங்கன்னு சொல்லிருவாரு."

போன் மறுபடியும் அடித்தது. இருதயராஜுக்கு மூச்சு வந்தது. எழுந்து கையை நீட்டினார். நீட்டிய கை போன்மேலேயே நின்றது.

"டீச்சர், நான் தனபாக்கியம் பேரைச் சொல்லியிருந்தா?"

நசீமா ஸ்கோப்பைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எப்படி ஆச்சுன்னு அவரும் கேட்டிருக்க மாட்டாரு அண்ணே."