மேற்கோள் குறி போடாத வரி

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்புகிறேனா என்று கேட்டால், தெரியவில்லை.

சொன்னவர் பூபாலன். கதையில் இறந்துபோகிறவரும் அவர்தான்.

நாகப்பட்டினத்தில் கல்வி அலுவலகம் ஒன்றில் அவர் எழுத்தர். என் மகளின் சான்றிதழில் இருந்த பெயர்ப் பிழையைத் திருத்தப் போயிருந்தேன். மேசைமேல் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

“உங்க பேர்ல ஒரு எழுத்தாளர் இருந்தார். தவறிட்டார், பாவம்.”

“நான்தான் சார் அது,” என்றார். “இனிஷியல் சரியா இருக்கான்னு பாருங்க.”

பிறகு எதிர் டீக்கடையில் நின்றுகொண்டு சொன்னார்.

*

“யாருமே கவனிக்க மாட்டேங்கிறாங்க மேடம்,” என்றார் பூபாலன்.

சபூரா ஒரு மருந்துச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் அவருக்குச் சொந்தமாக மருந்துக்கடை. சில நாவல்கள் எழுதியவர். பூபாலனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் பூபாலன் வெளியில் அவரைத் தன் குரு என்றே சொல்லிக்கொண்டார். சபூராவுக்கு அது பிடிக்காது.

“எதைக் கவனிக்கல?”

“நாவலை.”

“முடிஞ்சுதா?”

“பாதி தாண்டிட்டேன்.”

“போன பொங்கலுக்கும் பாதி தாண்டியிருந்தீங்க.”

பூபாலன் போனை எடுத்துக் காட்டினார். அட்டைப்படம் தயார். நாவலின் தலைப்பை எழுத்து எழுத்தாக முகநூலில் வெளியிட்டாகிவிட்டது. வாரம் ஒரு பாத்திரத்தின் அறிமுகம். எழுதும் மேசையின் படம். மேசைமேல் காபி. காபிமேல் ஆவி. ‘இன்று ஓர் அத்தியாயம் என்னை அழவைத்தது’ என்று ஒரு பதிவு.

“எந்த அத்தியாயம்?” என்றார் சபூரா.

“அது இன்னும் எழுதல மேடம். எழுதினா அழுதுடுவேன்.”

ஒரு பெண் வந்து இருமல் மருந்து கேட்டாள். சளி இருக்கிறதா, வறட்டு இருமலா என்று விசாரித்து எடுத்துக் கொடுத்தார் சபூரா. பூபாலன் காத்திருந்தார்.

“எங்க நிக்குது சார்?”

“அப்பா வீட்டை விட்டுப் போற இடத்துல. முதல் வரியிலேயே போயிடறார். ஏன் சொல்லாம போனார்னு பின்னாடி வரணும். அங்கதான் வர மாட்டேங்குது.”

“அங்கயே உக்காந்து பாருங்க.”

“உக்காந்தா யாராவது பதில் போட்டிருக்காங்களான்னு பாக்கத் தோணுது.”

சபூரா அடுத்த சீட்டை வாங்கினார்.

*

பூபாலன் ஸ்டுடியோவுக்குப் போனார். கறுப்பு வெள்ளையில் எடுக்கச் சொன்னார். கன்னத்தில் கை. பார்வை எங்கோ. எழுத்தாளர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் படத்தை முகநூலில் போட்டார். மேலே நாவலின் முதல் வரி:

அவர் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

மேற்கோள் குறி போட மறந்துவிட்டார்.

குளித்துவிட்டு வந்து பார்த்தார்.

முதல் ஆள் ‘ஐயோ’ என்று போட்டிருந்தார். அடுத்த ஆள் ‘ஆழ்ந்த இரங்கல்.’ அதற்குப் பிறகு வந்தவர்கள் பூபாலனின் வரியைப் படிக்கவில்லை. அந்த இரங்கலைப் படித்தார்கள்.

வீட்டில் யாரோ அவர் கணக்கிலிருந்து தகவல் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் அப்படித்தானே அறிவிக்கிறார்கள்.

‘எப்படி?’ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

‘மாரடைப்பாம்,’ என்று இன்னொருவர்.

‘தூக்கத்திலேயே. புண்ணியவான்.’

பூபாலன் நேரில் பார்த்தே இராத கவிஞர் ஒருவர் ‘பூபாலனும் நானும்’ என்று நீளமாக எழுதியிருந்தார். இருவரும் வேளாங்கண்ணிக் கடற்கரையில் விடிய விடியப் பேசியிருக்கிறார்கள்.

கடைசியில் ஒரு பதிப்பகம். பூபாலன் எழுதிய எந்த மின்னஞ்சலுக்கும் பதில் போடாத பதிப்பகம். ‘அன்னாரது நாவலின் பிரதி யாரிடமாவது இருந்தால் தொடர்புகொள்ளவும். வெளியிட ஆவலாக உள்ளோம்.’

சமையலறையிலிருந்து அவர் மனைவி செங்கமலம் குரல் கொடுத்தாள்.

“யாரோ போன் பண்ணாங்க. பூபாலன் சார் வீடான்னு கேட்டுட்டு ஒரே அழுகை. அவர் குளிச்சிட்டு இட்லி சாப்பிட வருவாருன்னேன். வெச்சிட்டாங்க. யாருங்க அது?”

பூபாலன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

*

“மேடம், நான் செத்துட்டேன்.”

“உக்காருங்க,” என்றார் சபூரா.

போனை வாங்கி மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“மாரடைப்புன்னு போட்டிருக்காங்களே. பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டீங்களா?”

“விளையாடாதீங்க மேடம்.”

“அப்ப மறுப்பு போடுங்க. உயிரோட இருக்கேன், கடைத்தெருவுல இருக்கேன்னு.”

“போடலாம்.”

“போடுங்க.”

பூபாலன் போடவில்லை. திரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“போட்டா இதெல்லாம் அழிச்சிடுவாங்களே.”

“எதெல்லாம்?”

“பாருங்க. ‘தமிழ் நாவலுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.’ இவர் என்னோட ஒரு பதிவுக்குக்கூட லைக் போட்டதில்ல மேடம். ‘அவர் எழுத்தை வரி விடாமல் வாசித்தவன்.’ இவர் யாருன்னே எனக்குத் தெரியாது.”

“ம்.”

“பதிப்பகமே கேட்டிருக்கு. என்னைத் தேடிக் கேட்டிருக்கு.”

“உங்களைக் கேக்கல சார். போனவரைக் கேக்குது.”

ஒரு பெரியவர் வந்து தலைவலித் தைலம் கேட்டார். பழைய டப்பாதான் வேண்டும், புது டப்பாவில் காரம் இல்லை என்றார். சபூரா தேடிப் பழைய டப்பாவையே எடுத்துக் கொடுத்தார். அவர் போகும்வரை பூபாலன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் என்ன பண்ணட்டும் மேடம்? செத்துப்போனா எல்லாரும் இருக்காங்க. உயிரோட இருக்கேன்னு சொன்னா ஒருத்தரும் இல்ல. இதுக்காகத்தானே இத்தனை வருஷம்.”

உண்மையாகவே அழுதாராம். என்னிடம் அதை மறைக்காமல் சொன்னார்.

சபூரா மேசை இழுப்பறையைத் திறந்து தன் போனை எடுத்தார். சிங்கப்பூரில் இருக்கும் தங்கை பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பதற்காக அவர் முகநூலில் ஒரு கணக்கு வைத்திருந்தார். அதில் ஒரு வார்த்தை எழுதியதில்லை.

எழுதினார்.

பூபாலன் கையிலிருந்த போன் ஒலித்தது.

‘ஆழ்ந்த இரங்கல். சபூரா.’

“மேடம்!” பூபாலன் எழுந்துவிட்டார். “நீங்களே போட்டா உறுதி ஆயிடுமே!”

“ஆமா.”

“நான் எதிர்லயே இருக்கேன்!”

“நான் சொன்னது இவருக்கு.” சபூரா அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தொட்டுக் காட்டினார். “பாவம், நல்ல மனுஷர். ஒரு கை கன்னத்துல. ஒரு கை போன்ல. எழுதறதுக்கு அவருக்குக் கையே இல்லாம போயிடுச்சு.”

பூபாலன் நின்றுகொண்டே இருந்தார்.

சபூரா போனை இழுப்பறையில் போட்டு மூடினார். நிமிர்ந்து, கடைக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்.

“நீங்க யாரு சார்? உங்களுக்கு என்ன வேணும்?”

*

பூபாலன் வீட்டுக்குப் போய் ஆறிப்போன இட்லியைச் சாப்பிட்டார்.

மறுப்பு போடவில்லை.

ஆரம்பத்தில் விரல் சும்மா இருக்கவில்லையாம். ஓர் இரங்கலுக்குத் தன்னை அறியாமல் லைக் போட்டுவிட்டார். ‘குடும்பத்தாரின் பண்பு,’ என்று அதற்கும் ஒருவர் எழுதினார். அதோடு போனைச் செங்கமலத்திடம் கொடுத்துவிட்டார். அவள் அதில் சீரியல் பார்த்தாள்.

அலுவலகத்தில் ஒருவர்கூட விசாரிக்கவில்லை. அவர் எழுதுகிறார் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

அவர் உட்கார்ந்தார். பார்ப்பதற்கு எதுவும் இல்லை. நாவலில் அப்பா வாசல்வரை வந்தார். செருப்பைத் தேடினார்.

“அப்பா ஏன் சொல்லாம போனார்னு அப்பதான் சார் தெரிஞ்சுது,” என்றார் என்னிடம்.

“ஏனாம்?”

“சொல்லியிருந்தா போயிருக்க மாட்டார். சொன்னதே போன மாதிரி ஆயிருக்கும்.”

டீ கிளாஸைக் கழுவி வைத்தார். அது கடைக்காரர் செய்யவேண்டிய வேலை. ஆனாலும் கழுவினார்.

“நாவல்?”

“முடிச்சிட்டேன். மேடம் படிச்சிட்டாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“கடைசிப் பக்கத்துல ஒரு ஒற்றுப்பிழைன்னாங்க.”

“பதிப்பகத்துக்கு அனுப்பினீங்களா?”

“அவங்க போனவரோடது கேட்டாங்க. இது இருக்கறவரோடது.” சிரித்தார். “மகளுக்குச் சான்றிதழ் திங்கட்கிழமை கிடைச்சிடும் சார்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது.

*

வீட்டுக்கு வந்ததும் அவர் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். படம் இருந்தது. வரி இருந்தது. இரங்கல்கள் இருந்தன. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ‘நினைவில் வாழ்கிறீர்கள்’ என்று சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சபூராவின் இரங்கல் மட்டும் இல்லை.

பின்னால் அழித்திருக்கலாம். எழுதாமலே இருந்திருக்கலாம். மருந்து விற்கிறவர், உயிரோடு எதிரில் நிற்கும் மனிதருக்கு இரங்கல் எழுதுவாரா? எழுதினால் அது சரியா? ஒரு பொய்யின் மறைவில் எழுதி முடித்த நாவல் எப்படி இருக்கும்? அப்படி ஒரு நாவல் இருக்கிறதா? நாவலை முடிக்க முடியாத ஒரு மனிதர், அதைவிட நல்லதாக ஒரு கதையைச் செய்து வைத்துக்கொண்டு, சான்றிதழ் வாங்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாரா?

கடைசிக் கேள்வி என்னை விடவில்லை. அது அவரைப் பற்றிய கேள்விதானா என்பதும் எனக்குச் சந்தேகம். எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. நானும் எழுதுகிறேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

சபூராவிடமே போய்க் கேட்டிருக்கலாம். கடைத்தெரு வழியாகப் பல தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை உள்ளேயும் போனேன். “என்ன வேணும் சார்?” என்றார். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பூபாலனைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். கையில் கீரைக்கட்டு. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“பாப்பா எப்படி இருக்கு? பேர் இப்ப சரியா வருதா?”

“வருது சார். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்களேன்.”

இத்தனை வருடச் சந்தேகத்தையும் வரிசையாகக் கேட்டுவிடுவது என்று இருந்தேன். அந்த இரங்கல் எங்கே? அந்த அம்மாள் அப்படிச் சொன்னது நிஜமா? சாட்சி யார்?

அவர் காத்திருந்தார். கீரைக்கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அவருடைய பஸ் வந்து நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கேட்டேன்.

“அந்த நாவலை எனக்குப் படிக்கத் தருவீங்களா சார்?”