இரண்டு பேர் கூட்டம்

பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயத்தின் பின்னால் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் அறை உண்டு. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வாரம் இரண்டு மாலை அங்கே கூடுவார்கள்.

வசுமதி முதல் தடவை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனாள். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். அவளுடைய கணவர் மஸ்கட்டில் இருந்தார், மகள் கல்லூரி விடுதியில். யாருக்கும் தெரியாமல் குடித்துப் பழகியவளுக்கு அத்தனை பேர் முன்னால் போய் உட்காரக் கால் வரவில்லை.

அடுத்த வாரம் மறுபடி வந்தபோது, தெருமுனையில் ஒரு பெண் நின்றிருந்தார்.

"கூட்டத்துக்குத்தானே?"

"இல்ல. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"போன வாரமும் சும்மாதான் வந்தீங்க. திரும்பிப் போனதைப் பார்த்தேன். வாங்க, நானும் அங்கதான் போறேன்."

அவர் பிலோமினா. மகளிர் விடுதி ஒன்றின் வார்டன். குடியை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வயதில் வசுமதியைவிட இளையவர். ஆனாலும் வசுமதி அவரை அக்கா என்றே கூப்பிட்டாள்.

"நான் உங்களுக்குத் தங்கச்சி மாதிரி" என்றார் பிலோமினா.

"அங்க நீங்கதானே மூத்தவங்க."

அன்றிலிருந்து எதற்கும் அவரிடம்தான் கேட்டாள்.

"உறக்கமே வரமாட்டேங்குது. என்ன செய்ய?"

"முழிச்சிருங்க."

"கை நடுங்குதே அக்கா."

"டாக்டர்ட்ட போவோம். நானும் வாரேன்."

போனார். டாக்டர் கூப்பிடும்வரை அந்த நடுங்கும் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மாதங்கள் போயின. வசுமதியின் முகம் தெளிந்தது. ஒருநாள் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது கேட்டாள்.

"அக்கா, இப்பல்லாம் எனக்கு நினைப்பே வர்றதில்ல. இன்னும் நான் வரணுமா?"

"தெரியல."

"நீங்க ஏன் வர்றீங்க? இத்தனை வருஷம் ஆச்சே."

பிலோமினா அடுத்த நாற்காலியை எடுத்து அடுக்கினார்.

அதற்குப் பிறகு வசுமதி கூட்டத்துக்குப் போகவில்லை. பிலோமினாவும் ஏனென்று கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஃபோன் வந்தது.

"வசு, என் ரூமுக்குக் கொஞ்சம் வர முடியுமா?"

"என்ன ஆச்சு அக்கா?"

"வாங்களேன்."

விடுதியில் பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பிலோமினா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே மேசையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது. மூடி உடைக்கப்படவில்லை. அது அங்கே இருப்பது தெரிந்தாலே வேலை போய்விடும்.

"ஆல்வினுக்கு இன்னைக்குக் கல்யாணம்" என்றார்.

"யாரு ஆல்வின்?"

"என் மகன். சின்னப் பிள்ளையா இருக்கும்போதே அவங்க அப்பா கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் குடிச்சுக்கிட்டுக் கிடந்த காலம். அவரைக் குத்தம் சொல்ல முடியாது."

"உங்களுக்குச் சொல்லலையா?"

"அவங்க கோயில்ல பூசை நேரம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சதைக் கேட்டவ ஒருத்தி வந்து சொன்னா."

இத்தனை நாள் வசுமதிக்கு அக்காவிடம் யோசனை கேட்டுத்தான் பழக்கம். பாட்டிலைப் பிடுங்கவும் கை வரவில்லை. நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். கடைசியில், கூட்டத்தில் எல்லாரும் தொடங்குவதுபோலவே தொடங்கினாள்.

"என் பேர் வசுமதி. நான் ஒரு குடிநோயாளி."

பிலோமினா நிமிர்ந்து பார்த்தார்.

"வணக்கம் வசுமதி" என்றார், பழக்கத்தில்.

"போன வாரம் ஒரு விசேஷ வீட்டு மாடியில, யாரோ குடிச்சுட்டு வச்ச தம்ளர் கிடந்துச்சு. அடியில கொஞ்சம் மிச்சம். எடுத்து மோந்து பார்த்தேன். வாய்க்குக் கிட்ட கொண்டு போயிட்டேன். யாரோ படியேறி வர்ற சத்தம் கேட்டு வச்சுட்டேன். நினைப்பே வர்றதில்லன்னு உங்ககிட்ட சொன்னேனே, அது பொய். யார்ட்டயும் இதைச் சொல்லல."

பிலோமினா பாட்டிலை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். பிறகு,

"என் பேர் பிலோமினா" என்று ஆரம்பித்தார்.

ஆல்வினுக்கு முதல் பல் முளைத்ததிலிருந்து சொன்னார். வசுமதி குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் சாய்ந்தது. அந்நேரம் கோயிலில் தாலி கட்டி, விருந்தும் முடிந்திருக்கும்.

பிலோமினாவே எழுந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் கொட்டினார். வசுமதி வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். வாடை போகும்வரை இருவரும் வெளியில் வந்து நின்றார்கள்.

"மணி ஆகுது. கூட்டத்துக்கு வாரீங்களா?" என்று கேட்டார் பிலோமினா.

"வாரேன்."

சேர்ந்து நடந்தார்கள். பாதி வழியில் வசுமதி கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல. இத்தனை வருஷம் ஆகியும் ஏன் வர்றீங்கன்னு."

ஒரு பஸ் கடந்து போகட்டும் என்று பிலோமினா நின்றார்.

"வராம இருந்திருந்தா, இன்னைக்குக் காலைல கூப்பிட எனக்கு யாரு இருந்திருப்பா?"