நானூற்றுப் பன்னிரண்டும் ஒரு சொம்புத் தண்ணீரும்

சொய்ங்.

சத்தம்தான் முதலில் வந்தது. கண்மாய்க்கரை முழுக்கப் பனி இறங்கிக் கிடந்தது. எதிரே வருவது ஆளா மாடா என்று பிரித்துச் சொல்ல முடியாத வெளிச்சம். ஆனாலும் அந்தச் சத்தம் என்னவென்று சவரிமுத்துவின் காதுக்குத் தெரியும். காதுக்கு முன்னால் வயிற்றுக்குத் தெரியும். மொக்கராசு முதல் ஈட்டு வடையை எண்ணெயில் போட்டாயிற்று.

அவர் நின்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கடிகாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு என்று பச்சையாக எரிந்தது. ஒரு மணி நேரம் நடந்ததில் உடம்பு எரித்தது அவ்வளவு கலோரி. மகன் வாங்கிக் கொடுத்த கடிகாரம். நடந்தாலும் எண்ணும், படி ஏறினாலும் எண்ணும். தூக்கத்தில் புரண்டால்கூட எதையோ எண்ணிக்கொண்டிருக்கும்.

நாலு எட்டு வைத்ததும் பனிக்குள்ளிருந்து கடை வெளியே வந்தது.

"வாய்யா மாப்ள. இன்னைக்கு எம்புட்டு?"

"நானூத்திப் பன்னெண்டு."

"அப்ப நாலு வடை. மிச்சம் பன்னெண்டுக்குச் சட்னிய ஊத்திக்க."

"டீ?"

"டீ வேணும்னா இன்னொரு கால் மணி நேரம் நடந்துட்டு வா. நான் எங்கயும் போயிர மாட்டேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சவரிமுத்துவும் சிரித்தார். நாலு வடையும் உள்ளே போயின. டீயும் போயிற்று. மனசில் ஒரு உறுத்தலும் இல்லை. எரித்ததைத்தானே திரும்பப் போட்டோம், யார் வீட்டுச் சோற்றையும் பிடுங்கித் தின்னவில்லையே என்றிருந்தது.

உறுத்தல் எல்லாம் அரை மணி நேரம் கழித்து, கபடிக் களத்து வேப்பமரத்தடியில் கிடந்த எடை மெஷினில் ஏறி நிற்கும்போதுதான் வந்தது.

தொண்ணூற்றொன்று.

நேற்றும் தொண்ணூற்றொன்று. போன வாரமும் அதுவே. முள் பதினாறு நாளாக அந்த இடத்திலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது.

அவருடைய தங்கை அமலிக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. கண்ணெல்லாம் மஞ்சள், கால் இரண்டும் வீக்கம். அண்ணன் ஈரலில் ஒரு பங்கை வெட்டி வைத்தால் பிழைத்துக்கொள்வாள், கொடுத்தவருக்கும் அது வளர்ந்துகொள்ளும் என்றார் டாக்டர். ரத்தமும் ஒத்துப்போயிற்று. ஆனால் படம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உங்க ஈரல்ல கொழுப்பு ஏறிக் கெடக்கே. பத்து வாரம் டைம். ஒம்பது கிலோ எறக்கிட்டு வாங்க. மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாப்போம்."

ஜெராக்ஸ் கடையில் இருபது வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்த தொண்ணூற்றைந்து கிலோ. ஊரில் விசாரித்தபோது எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். எடை இறக்க வேண்டுமா, ஒச்சம்மாவிடம் போ.

ஒச்சம்மா கபடி வாத்தியார். முப்பத்து நாலு வயசு. சவரிமுத்துவைவிடப் பன்னிரண்டு வயசு இளையவர். ஒவ்வொரு சீசனிலும் ஆட்டக்காரப் பெண்களை எடைப் பிரிவுக்குள் கொண்டுவந்து நிறுத்துவார். அதற்காக ஒருத்தியும் மயங்கி விழுந்ததில்லை. அவர் பேசுவது குறைவு. திட்டுவது அதைவிடக் குறைவு. அதனால்தான் பெண்களுக்கு அவரிடம் பயம்.

அவரிடம் வந்த முதல் மூன்று வாரத்தில் நாலு கிலோ இறங்கியது. அப்புறம் மகன் கடிகாரம் வாங்கிக் கொடுத்தான். அப்புறம் இந்தத் தொண்ணூற்றொன்று.

சவரிமுத்து மெஷினைவிட்டு இறங்கினார். "வாத்தியாரே, ஒரு கேள்வி."

ஒச்சம்மா களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சொல்லுங்கண்ணே."

"நடந்து எரிச்சதத் திரும்பச் சாப்பிடலாமா, கூடாதா?"

கோடு நின்றது.

"சாப்பிட்டீகளா?"

"எரிச்ச அளவுக்குத்தான். ஒரு பருக்கை கூடுதலா இல்ல. கடிகாரத்தப் பாத்துத்தான் சாப்பிடுறேன்."

"கடிகாரத்துக்குப் பசிச்சுச்சா?"

"அது... நாலு வடைதான் வாத்தியாரே."

ஒச்சம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். களத்துக்கு வெளியே வேன்காரன் ஹாரனை அழுத்தினான். தேனிப் பக்கம் மூன்று நாள் போட்டி. பெண்கள் பைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"வந்து சொல்றேன்" என்று சுண்ணாம்புச் சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு வாத்தியார் வேனில் ஏறிவிட்டார்.

சவரிமுத்துவுக்கு மூன்று நாள் காத்திருக்கப் பொறுமை இல்லை. நாட்கள் எண்ணி வைத்தவை. வாத்தியார் பார்த்த பார்வையை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அது கூடாது என்கிற பார்வைதான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

கடிகாரத்தைக் கழற்றி பீரோவில் வைத்தார். அதோடு சாப்பாட்டையும் பூட்டி வைத்த மாதிரிதான். காலையில் கடுங்காப்பி. மத்தியானம் ரெண்டு வெள்ளரிக்காய். ராத்திரி சுடுதண்ணீர். ஒரு மணி நேர நடை மட்டும் ரெண்டு மணி நேரம் ஆயிற்று. மொக்கராசு கடை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாலையின் அந்தப் பக்கமாக ஓடினார்.

"மாப்ள, கடன் வச்சவன் கூட இப்படி ஓட மாட்டான்யா!" என்று பின்னாலேயே சத்தம் வந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி அமலி போன் பண்ணினாள்.

"அண்ணே, என்ன சாப்பிட்ட?"

"சாப்பிட்டேன் சாப்பிட்டேன்."

"கொரலே சரியில்லயே. அண்ணி எல்லாத்தயும் சொல்லிருச்சு. நான் கேட்டது ஈரல்ல ஒரு துண்டு. முழு ஆளையும் நீ பார்சல் கட்டி அனுப்ப வேணாம்."

"ஒன்றரை கிலோ எறங்கிருக்கு அமலி!"

 

"நீ விழுந்தீன்னா நான் யாருகிட்டப் போயி நிப்பேன் சொல்லு" என்றாள். அதில் கேலி இல்லை.

நாலாம் நாள் வாத்தியார் வந்துவிட்டார். பெண்கள் இன்னும் வரவில்லை. ஆட்டம் தொடங்குமுன் மண் களத்துக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்த மண்ணில் விழுந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்தான் தெளிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். வயசெல்லாம் கிடையாது. சவரிமுத்து வாளியும் கையுமாகப் பாதிக் களத்தை நனைத்துவிட்டார். நடுக்கோட்டைத் தாண்டும்போது வேப்பமரம் சாய்வது மாதிரி இருந்தது. சாய்ந்தது மரம் இல்லை.

கண் விழித்தபோது மரத்தடியில் கிடந்தார். காலுக்கடியில் ஒரு பை இருந்தது. நனைந்த துண்டு நெற்றியில் இருந்தது.

"எத்தன நாளு?" என்றார் ஒச்சம்மா.

"மூணு."

"நான் சொன்னேனா?"

"நீங்க ஒண்ணுமே சொல்லலியே."

"ம்."

தூக்குவாளியிலிருந்து கம்பங்கூழை ஒரு டம்ளரில் ஊற்றி, மோர் விட்டு, உப்புப் போட்டு நீட்டினார். சவரிமுத்து வாயை இறுக்கிக்கொண்டார்.

"வேணாம் வாத்தியாரே. இத்தன எரிச்சிருக்கேன். இப்பக் குடிச்சா அம்புட்டும் திரும்ப ஏறிரும். தங்கச்சிக்கு நாள் இல்ல."

ஒச்சம்மா வற்புறுத்தவில்லை. டம்ளரை அவர் பக்கத்தில் வைத்து மூடினார். காலி வாளியை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனார். மீதிக் களம் காய்ந்து கிடந்ததே.

அது பழைய பம்பு. தோல் வாசர் தேய்ந்துவிட்டது. பத்து நிமிஷம் சும்மா விட்டால் ஏறி நின்ற தண்ணீரெல்லாம் குழாயோடு கீழே இறங்கிவிடும். அதற்காகவே மேடையில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எப்போதும் இருக்கும்.

வாத்தியார் சொம்பைத் தொடவில்லை. கைப்பிடியைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தார்.

கடக். கடக். கடக்.

காற்றுதான் வந்தது. மனுஷி நிறுத்தவில்லை. ஐம்பது, அறுபது என்று அடித்துக்கொண்டே இருந்தார். பம்பு நெஞ்சு வறண்டு இருமியது. சவரிமுத்துவுக்குப் படுத்துக் கிடக்க முடியவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, தண்ணி ஊத்தணும்ல!"

"எங்க?"

"பம்புல. மேல."

"நமக்குத் தண்ணி வெளிய வரணும்ணே. உள்ள ஊத்தச் சொல்றீகளே."

கடக். கடக்.

"ஐயய்ய, வாசர் கிழிஞ்சிரும்!" அவர் மரத்தைப் பிடித்து எழுந்து, தட்டுத்தடுமாறிப் போய், சொம்பை எடுத்துப் பம்பின் வாயில் கவிழ்த்தார். "இப்ப அடிங்க."

நாலு அடி. பம்புக்குள் களக்கென்று ஒன்று பிடித்துக்கொண்டது. ஐந்தாவது அடிக்குத் தண்ணீர் குபுகுபுவென்று வந்து விழுந்தது. வாளி நிரம்பியது.

"பாத்தீகளா?" என்றார் சவரிமுத்து. ஏதோ தாமே கிணறு வெட்டிக் கண்டுபிடித்த மாதிரி.

"அட ஆமா" என்றார் ஒச்சம்மா. நிறைந்த வாளியை அலாக்காகத் தூக்கி, பம்பின் வாய்க்கு நேராகச் சாய்த்தார்.

சவரிமுத்து பாய்ந்து வாளியின் விளிம்பைப் பிடித்தார். தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியது.

"என்ன பண்றீக நீங்க!"

"உள்ள ஊத்தினாத்தான் வெளிய வரும்னு சொன்னீக."

"வந்தத முழுக்க ஊத்திட்டா அப்புறம் களத்துக்கு என்னத்தத் தெளிக்க? ஒரு சொம்பு போதும் வாத்தியாரே!"

"ஒரு சொம்புன்னு யாரு சொன்னா? எந்தக் கடிகாரத்துல பாத்தீக?"

"இதுக்கு எதுக்குக் கடிகாரம்? தண்ணி புடிச்சா பிடி கனக்கும்ல. அடிக்கிற கைக்குத் தெரியாதா..."

சவரிமுத்து பாதியில் நிறுத்தினார். வாளியின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வேப்பமரத்தில் ஒரு அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

ஒச்சம்மா வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். சொம்பை மறுபடி நிரப்பி அதன் இடத்தில் வைத்தார். 

சவரிமுத்து மரத்தடிக்கு நடந்து போய் உட்கார்ந்தார். டம்ளரைத் திறந்தார். கூழை ஒரே மடக்கில் குடிக்காமல், வாயில் வைத்து வைத்துக் குடித்தார்.  கடைசி வாய்க்கு வியர்வை அடங்கிவிட்டது. தூக்குவாளியில் இன்னும் இருந்தது. அதைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைக் கேட்டுப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் சும்மா இருந்தார். அவரே தூக்குவாளியை மூடினார்.

"அந்த ஒன்றரை கிலோ திரும்ப வந்துருமா வாத்தியாரே?"

"ஒரு கிலோ வரும். அது வெறும் தண்ணி. நாலு நாள்ல மறுபடி எறங்க ஆரம்பிக்கும்."

"நாலு வாரத்துக்குள்ள முடியுமா?"

"போன மாசம் என் பிள்ளைக ரெண்டு பேரு முடிச்சாளுக. ஒருத்தியும் விழல."

சவரிமுத்து தலையாட்டினார். ஆனாலும் அவருக்கு ஒன்று பாக்கி இருந்தது.

"அப்ப நாளைக்கு நடந்துட்டு வந்து எம்புட்டுச் சாப்பிட? ஒரு அளவு சொல்லிட்டீகன்னா எழுதி வச்சுக்குவேன்."

ஒச்சம்மா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு வந்து அடிச்சுப் பாருங்கண்ணே."

 

பாதிக் களம் நனைந்து கருத்திருந்தது. பாதி வெளுத்துக் கிடந்தது. சாலையில் பெண்களின் பேச்சும் சைக்கிள் மணியும் நெருங்கி வந்தன. அவர் எழுந்து போய் வாளியைத் தூக்கினார். நடுக்கோட்டில் நின்று, குனிந்து, அந்தப் பக்க மண்ணில் கை கையாகத் தெளிக்கத் தொடங்கினார்.